பழைய பென்னிக்கு என்ன விலை? வேலூர் அருங்காட்சியகத்தில் காசு பார்க்க ஒரு நாள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய காசு வைத்திருப்பவர்களுக்கு லட்சக்கணக்கில் பணம் கிடைக்கும் என்று கைபேசியில் பரவும் காணொளிகளை நம்பிப் பணத்தைப் பறிகொடுத்தவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்தி வருகிறது. ஏமாற்றியவன் எந்த ஊரிலிருந்து பேசினான், எத்தனை முறை பணம் அனுப்பச் சொன்னான் என்பதெல்லாம் அச்செய்திகளில் இருக்கின்றன. ஆனால் அந்த வீட்டில் இருந்த காசு எந்த நாட்டுக் காசு, எந்த ஆண்டில் அடிக்கப்பட்டது, அதை விரும்பிச் சேர்ப்பவர் உண்மையில் என்ன விலை கொடுப்பார் என்பதை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. அதைச் சொல்லாதவரை, ஒருவன் ஏமாற்றிவிட்டான், வேறொருவன் நேர்மையாக நாற்பது லட்சம் கொடுப்பான் என்ற எண்ணம் மக்கள் மனத்தில் அப்படியே தங்கிவிடுகிறது. எங்கள் குடும்பத்துக் காசு ஒன்றை முன்வைத்து அந்தக் குறையைத் தீர்க்க முயல்கிறேன்.

என் தாயாரின் தந்தை கணியம்பாடிப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது பட்டாளத்தில் இருந்தவர். வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் இருக்கும் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களைக் கொண்ட எங்கள் வட்டாரத்தில் அது புதுமையன்று. முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் சென்றார்கள், அவர்களில் 14 பேர் உயிர் நீத்தார்கள் என்ற கல்வெட்டை வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் இன்றும் படிக்கலாம். தாத்தா ஊர் திரும்பியபோது கொண்டுவந்த இரும்பு டிரங்குப் பெட்டியில், சம்பளப் புத்தகத்துக்கும் பதக்க நாடாவுக்கும் இடையில், ஓர் அகலமான செம்பு நிறக் காசு இருந்தது. சிங்கப்பூரில் ஆஸ்திரேலியச் சிப்பாய் ஒருவர் கொடுத்தது என்று அவர் சொன்னதாக அம்மா சொல்வார். ஒருபுறம் மன்னர் தலை, மறுபுறம் தாவும் கங்காரு. பாட்டி அதை ஒவ்வோர் ஆண்டும் ஆயுதபூசையன்று குத்துவிளக்கோடும் செம்போடும் சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பொட்டு வைத்துத் தட்டில் வைப்பார். வீட்டில் அதற்குக் ‘கங்காரு காசு’ என்றே பெயர்.

சென்ற ஆண்டு என் தங்கை மகன் அந்தக் காசைப் படம் பிடித்து ஓர் இணைய விளம்பரத்தில் போட்டான். பென்னி என்பது இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் புழங்கிய சில்லறைக் காசு. 1930களில் அடித்த பழைய பென்னி ஒன்று கோடிக்கு விலை போனதாக ஏதோ ஒரு காணொளியில் கேட்டிருக்கிறான். மறுநாளே அழைப்பு வந்தது. பேசியவர் நல்ல தமிழில், மரியாதையாக, 42 லட்சம் தருவதாகச் சொன்னார். முதலில் பதிவுக் கட்டணம் 2,150 ரூபாய், பிறகு ஜி.எஸ்.டி. என்று 11,000 ரூபாய், அதன் பிறகு ரிசர்வ் வங்கியின் அனுமதிச் சான்றுக்கு என்று 25,000 ரூபாய் கேட்டார். முதல் இரண்டையும் கட்டிய பிறகே அவன் என்னிடம் வந்து சொன்னான். இப்படித் தன் பெயரையும் முத்திரையையும் காட்டிப் பழைய காசு, நோட்டு விற்பனைக்குக் கட்டணமும் வரியும் கேட்பவர்களை நம்ப வேண்டாம், அத்தகைய வணிகத்தில் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்பு அவன் கண்ணில் படவில்லை, காணொளி பட்டது.

அன்று இரவு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அந்தக் காசை முதன்முறையாக நிதானமாகப் பார்த்தேன். நாற்பது ஆண்டு அஞ்சலகத்தில் சில்லறை எண்ணியவன் நான். இருந்தும் எங்கள் வீட்டுக் காசில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் படித்ததில்லை. அது ஆஸ்திரேலியப் பென்னி. ஆண்டு 1943. மன்னர் ஆறாம் ஜார்ஜ். தலையைச் சுற்றி லத்தீன் மொழியில் குறுக்கி எழுதிய பட்டங்கள்; அவற்றின் கடைசி இரண்டு சொற்குறுக்கங்களுக்கு ‘இந்தியாவின் சக்கரவர்த்தி’ என்று பொருள். நாம் விடுதலை பெற்ற பின் 1949 முதல் அடித்த பென்னிகளில் அந்த இரண்டு சொற்களும் இல்லை. பட்டத்தை எடுத்துவிட்டார்கள். வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுந்த ஊரில் பிறந்தவனுக்கு, இரண்டு பென்னிகளை அருகருகே வைத்து அந்த வேறுபாட்டைப் பார்ப்பது எவ்வளவு நிறைவான செயல் என்பதை எழுத்தில் சொல்வது கடினம்.

மன்னர் தலையின் கீழே இன்னொன்று தெரிந்தது. ஆங்கில ‘ஐ’ என்ற எழுத்து, எறும்பு அளவில். அதுதான் இந்தக் காசின் பிறப்பிடம். போர்க்காலத்தில் ஆஸ்திரேலியாவின் நாணயச்சாலைகளால் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாமல் போனபோது, வெள்ளிக் காசுகளில் ஒரு பகுதியை அமெரிக்காவிலும், பென்னி, அரைப் பென்னிகளில் ஒரு பகுதியை நம்முடைய பம்பாய் நாணயச்சாலையிலும் அடித்து வாங்கினார்கள். 1942, 1943 ஆகிய இரண்டு ஆண்டுகளின் பம்பாய்ப் பென்னிகளில் அந்த எழுத்து இருக்கும். அதற்கு முன் முதல் உலகப் போரின்போது 1916 முதல் 1918 வரை கல்கத்தா நாணயச்சாலையும் ஆஸ்திரேலியாவுக்குப் பென்னி அடித்துக் கொடுத்திருக்கிறது. ஆக, எங்கள் கங்காரு காசு அயல்நாட்டில் பிறந்ததன்று. பம்பாயில் பிறந்து, கடல் கடந்து ஆஸ்திரேலியா போய், ஒரு சிப்பாயின் சட்டைப்பையில் சிங்கப்பூர் வந்து, இன்னொரு சிப்பாயின் பெட்டியில் கணியம்பாடிக்குத் திரும்பி வந்த காசு.

அன்று அதன் மதிப்பு என்ன என்பதையும் கணக்கிட்டுப் பார்த்தேன். 1927 முதல் நம் ரூபாய் ஒன்றுக்கு இங்கிலாந்துப் பென்னி 18. ஆஸ்திரேலியப் பவுண்டு 1931 முதல் 125க்கு நூறு இங்கிலாந்துப் பவுண்டு என்ற கணக்கில் நின்றது. அப்படியானால் ரூபாய்க்கு ஆஸ்திரேலியப் பென்னி இருபத்திரண்டரை. ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி என்று பார்த்தால், ஒரு பென்னி எட்டரைத் தம்பிடி, அதாவது முக்காலணாவுக்கும் சற்றுக் குறைவு.

இன்றைய மதிப்பு என்ன? பம்பாயில் அந்தப் பென்னி லட்சக்கணக்கில் அடிக்கப்பட்டது. சேகரிப்பவர்கள் எல்லாரிடமும் ஏற்கெனவே இருக்கிறது. எங்கள் வீட்டுக் காசின் நிலையில் உள்ள ஒன்றுக்குச் சில நூறு ரூபாய்க்கு மேல் எவரும் கொடுக்க மாட்டார்கள். எங்களுடையதற்கு அதுவும் ஐயம்தான், ஏனென்றால் பாட்டியின் புளி அதன்மேல் ஐம்பது ஆண்டு வேலை செய்திருக்கிறது. செம்புக் காசின்மேல் காலம் ஏற்றும் அந்தப் பழுப்பு நிறத்தைத்தான் சேகரிப்பவர் முதலில் பார்க்கிறார். அதைத் தேய்த்து எடுத்துவிட்டால், எத்தனை மின்னினாலும் அவர் கண்ணுக்கு அது அடிபட்ட காசு. பழைய காசு வைத்திருக்கும் வாசகர்களுக்கு நான் சொல்லக்கூடிய பயனுள்ள செய்தி ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான்: புளி, எலுமிச்சை, சாம்பல், பித்தளை பாலிஷ் எதையும் அதன்மேல் போடாதீர்கள். விளிம்பைப் பிடித்து எடுத்து, காய்ந்த காகித உறையில் வையுங்கள்.

அந்தக் காணொளி முழுப் பொய்யும் அன்று. அதனால்தான் அது வேலை செய்கிறது. 1930களில் பெருவிலை பெறும் பென்னிகள் இரண்டு உண்டு. இங்கிலாந்தில் 1933ஆம் ஆண்டு புழக்கத்தில் ஏற்கெனவே போதுமான பென்னிகள் இருந்ததால், மக்களுக்கென்று ஒன்றுகூட அடிக்கவில்லை. அரசர் நாட்டும் அடிக்கற்களின் கீழே அவ்வாண்டுக் காசுகளை வைக்கும் வழக்கத்துக்காகவும் அருங்காட்சியகங்களுக்காகவும் மட்டும் ஏழெட்டு அடித்தார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கட்டடத்தின் அடிக்கல்லில் ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1930ஆம் ஆண்டுப் பென்னி மெல்போர்ன் நாணயச்சாலையில் ஏறத்தாழ 1,500 மட்டுமே அடிக்கப்பட்டதாகக் கருதப்படுகிறது. நன்கு தேய்ந்த ஒன்றுகூட அந்நாட்டில் பல ஆயிரம் டாலருக்குப் போகிறது. இந்த இரண்டின் விலையையும் மற்ற எல்லாப் பென்னிகளின் தலையிலும் ஏற்றிப் பேசுவதுதான் அந்தக் காணொளிகளின் முழுத் தந்திரம். ஆண்டைப் படிக்கத் தெரிந்தவரிடம் அது பலிக்காது.

இங்கிலாந்துப் பென்னி வைத்திருப்பவர்களும் நம் மாவட்டத்தில் இருப்பார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 1860 முதல் அது வெண்கலத்தில் அடிக்கப்பட்டது, எடை 9.45 கிராம், குறுக்களவு ஏறத்தாழ 31 மில்லிமீட்டர். நகைக்கடைத் தராசில் நிறுத்தாலே பாதி ஐயம் தீரும். காந்தத்தில் அது ஒட்டாது. ஒட்டினால் அது 1992 முதல் வந்த, செம்பு பூசிய இரும்புப் பென்னியாகவோ போலியாகவோ இருக்கும். ஆண்டு எண்ணின் இடப்பக்கம் ஆங்கில ‘எச்’ எழுத்து இருந்தால், அது 1912, 1918, 1919 ஆகிய ஆண்டுகளில் பர்மிங்காமில் தனியார் ஆலை அடித்துக் கொடுத்தது. ‘கே.என்.’ என்று இருந்தால் 1918, 1919இல் கிங்ஸ் நார்ட்டன் ஆலையில் அடித்தது; நல்ல நிலையில் இருந்தால் இதற்குச் சற்றுக் கூடுதல் விலை உண்டு. 1950, 1951 ஆகிய ஆண்டுகளின் பென்னிகள் குறைவாகவே அடிக்கப்பட்டன. 1951இல் 1,20,000 மட்டும். பெரும்பகுதி பெர்முடாத் தீவுக்கு அனுப்பப்பட்டது. இவை தவிர்த்த மற்றவற்றில் பெரும்பாலானவை, தேய்ந்த நிலையில், இங்கிலாந்திலேயே கைப்பிடி அளவில் அள்ளி விற்கப்படுகின்றன.

பழமை வேறு, விலை வேறு என்பதை நம் மக்களுக்கு விளங்கவைக்க இங்கிலாந்து வரை போக வேண்டியதில்லை. ராஜராஜன் பெயரைத் தாங்கிய செப்புக்காசு ஆயிரம் ஆண்டு பழையது. அத்தனை ஏராளமாகக் கிடைப்பதால் சாதாரணமான ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கே வாங்கிவிடலாம். கிழக்கிந்தியக் கும்பினியார் காலத்து இருபது காசு நாணயத்தின் கதை இன்னும் வியப்பானது. 1801இல் கர்நாடக நவாப் எனப்பட்ட ஆற்காட்டு நவாபின் ஆட்சி கும்பினியின் கைக்கு வந்தபின், ஆற்காட்டுச் சீமை உள்ளிட்ட சென்னை மாகாணத்தின் சந்தைகளுக்குச் செப்புச் சில்லறை தேவைப்பட்டது. அப்போது எண்பது காசு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு நட்சத்திர வராகன் என்ற பொற்காசு. பர்மிங்காமில் மேத்யூ போல்ட்டன் நீராவி இயந்திரத்தால் நாணயம் அடித்துக்கொண்டிருந்தார். 1797இல் இங்கிலாந்துக்கு ஓர் அவுன்ஸ் எடையில் வண்டிச் சக்கரம் போன்ற பெரிய பென்னியை அடித்துக் கொடுத்ததும் அதே ஆலைதான். அங்கிருந்து 1803, 1808 ஆகிய ஆண்டுகளின் பெயரில் நமக்குக் காசுகள் வந்தன. ஒருபுறம் கும்பினியின் சின்னம். மறுபுறம் பாரசீக எழுத்தில் ‘இருபது காசு நான்கு ஃபுலூஸ்’ என்ற வாசகம்; ஃபுலூஸ் என்றால் செப்புக்காசு.

1808ஆம் ஆண்டுக் காசுகளைப் பீப்பாய்களில் அடைத்து ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கடற்கரைக்கு அப்பால் உள்ள குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. நம் உப்புக் கடைக்கும் வெற்றிலைக் கடைக்கும் வரவேண்டிய சில்லறை, நூற்று எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கடலடியில் கிடந்தது. 1980களில் முக்குளிப்பவர்கள் அதிலிருந்து லட்சக்கணக்கான காசுகளை எடுத்தார்கள். ஒரே நாளில் ஓர் அரிய காசு உலகமெங்கும் எளிதில் கிடைக்கும் காசாகிவிட்டது. பிறகு அதன் விலை எப்படி ஏறும்? நம் பக்கத்து நிலங்களில் உழவின்போது கிடைக்கும் அதே காசு, பச்சை பிடித்துத் தேய்ந்து, கடலில் கிடந்த காசைவிடவும் மலிவாகப் போகலாம். ஆனால் அது இங்கே கைமாறிய காசு. அதைக் கொடுத்து ஒரு பெண் ஒருநாள் உப்பு வாங்கியிருப்பாள். என் மனத்தில் அந்த வேறுபாடு பெரியது.

விலையே இல்லாத இன்னொரு வகைக் காசும் நம்மிடையே உலவுகிறது. இராமர் பட்டாபிஷேகம், அனுமார், ஓம் ஆகிய உருவங்களோடு, 1818 என்ற ஆண்டும் கிழக்கிந்தியக் கும்பினியின் பெயரும் அரை அணா, ஓரணா என்ற மதிப்பும் பொறித்தவை. கும்பினி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. 1818இல் கும்பினி சென்னை மாகாணத்தில் வராகனை விட்டு ரூபாய்க் கணக்குக்கு மாறிக்கொண்டிருந்தது. நாடு முழுவதற்கும் ஒரே சீரான நாணயம் 1835இல்தான் வந்தது. பிற்காலத்தில் வணிகத்துக்காக வார்த்த இவற்றை வைத்துத்தான் ‘ரைஸ் புல்லிங்’ என்ற பெரும் மோசடி நடக்கிறது. அரிசியை இழுக்கும் சக்தி கொண்ட காசு, கலசம் என்று சொல்லி, இரும்புத்தூள் சேர்த்த அரிசியையும் மறைத்த காந்தத்தையும் காட்டி, நிலத்தை விற்ற பணத்தையே பறித்துப் போகிறார்கள். செம்பும் வெண்கலமும் எதையும் இழுக்காது என்று பத்தாம் வகுப்பு மாணவனுக்குத் தெரியும். அவனிடம் யாரும் கேட்பதில்லை.

இந்த ஆசைக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நடப்பதும் எனக்குக் குறையாத வருத்தம் தருகிறது. ஒரு மாதம் அலைந்தும் எந்த லட்சாதிபதியும் வரவில்லை என்றால், அதே வீட்டார் அதே காசுகளைப் பழைய பாத்திரக்காரரிடம் செம்பு விலைக்கு எடை போட்டுவிடுகிறார்கள். ஆற்காட்டு நவாபின் பெயர் பொறித்த சிறு செப்புக்காசும், 1807 முதல் சென்னையில் தமிழும் தெலுங்கும் பொறித்து அடித்த வெள்ளிப் பணமும் உருக்கும் உலைக்குப் போவதற்கு இதுவே வழி. சட்டம் என்ன சொல்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது. மண்ணுக்கடியில் கிடைத்த புதையல், 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். நூறாண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. தாத்தா பெட்டியில் இருந்த காசை வைத்திருப்பதோ உள்நாட்டில் காட்டுவதோ குற்றமன்று. இந்த வேறுபாடு தெரியாததால், உண்மையில் அரிய காசு கிடைத்தவர் அஞ்சி ஒளிக்கிறார்; ஒன்றுமில்லாத காசு வைத்திருப்பவர் ஊரெல்லாம் சொல்கிறார்.

இதற்கு என் கோரிக்கை எளியது. வேலூர்க் கோட்டைக்குள் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணி முதல் பகல் ஒரு மணி வரை, பொதுமக்கள் தங்கள் வீட்டுப் பழைய காசுகளைக் கொண்டுவந்து காட்ட அங்கே ஒரு மேசை போட வேண்டும். நாணயவியலில் பயின்ற ஒருவர், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவிலிருந்து வந்தாலும் சரி, காசைப் பார்த்து, எந்த அரசு, எந்த ஆண்டு, எந்த உலோகம், அரியதா பரவலானதா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும். விலை சொல்ல வேண்டாம், வாங்கவும் வேண்டாம். ஒரு தராசு, ஒரு காந்தம், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு பதிவேடு தவிர வேறு செலவில்லை. கணியம்பாடி, குடியாத்தம், ஆற்காடு, வாலாஜா என்று ஊர்வாரியாக அந்தப் பதிவேட்டை எழுதிவந்தால், எந்தப் போருக்குப் போனவர் எந்த நாட்டுக் காசோடு திரும்பினார் என்பது இரண்டு மூன்று ஆண்டுகளில் தானாகவே தெரியவரும். அந்தத் தலைமுறையை நேரில் அறிந்தவர்கள் இப்போது எழுபதைத் தாண்டியவர்கள். காசு யார் கொடுத்தது, எந்த ஊரில் கொடுத்தது என்று சொல்ல இன்னும் பத்து ஆண்டு கழித்து எவரும் இருக்க மாட்டார்கள். மாவட்ட ஆட்சியரும் அருங்காட்சியகத் துறையும் இதைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய காசுக்கு லட்சம் தருவதாக வரும் வரி விளம்பரங்களை வெளியிடாதீர்கள்; அந்த இடத்தில் வாரம் ஒரு காசின் படத்தைப் போட்டு, அதன் வரலாற்றையும் சேகரிப்பாளர் தரக்கூடிய உண்மையான விலையையும் நான்கு வரியில் எழுதுங்கள். முதல் வாரத்துக்கு எங்கள் கங்காரு காசைத் தருகிறோம். அருங்காட்சியகத்தில் அந்த மேசை போடப்படும் நாளில், தாத்தாவின் சம்பளப் புத்தகத்தோடு சேர்த்து அதை நிரந்தரமாகவே அங்கு ஒப்படைக்கத் தங்கையும் நானும் இசைந்திருக்கிறோம். தங்கை மகன் தானே எடுத்துவருவதாகச் சொல்லியிருக்கிறான். இந்த ஆண்டு ஆயுதபூசையில் அதைப் புளி போட்டுத் தேய்க்கவில்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற அஞ்சலகப் பணியாளர்,
சத்துவாச்சாரி, வேலூர்.